முன் இடது சில்லில் மெல்லிய அதிர்வு

என் மூக்கு ஏன் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று கேட்பவர்களிடம், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி வருகிறேன். பொய். ஒரு மெக்கானிக் குத்தியது. குத்தியதில் நியாயம் இருந்தது என்பதுதான் வெளியில் சொல்ல முடியாத பகுதி. சாரதி அனுமதிப் பரீட்சையில் மூன்று முறை தோற்று, நாலாவது முறை போக வெட்கப்பட்டு, ஐம்பத்திரண்டு வயதிலும் பஸ்ஸில் போகிறவன் நான். அப்படிப்பட்டவன் ஆறு கிழமையாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் நின்று, பந்தயக் காருக்கு வரும் கோளாறுகளை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று படிப்பித்தேன்.

காரை ஓட்டுகிறவன் என் மனைவியின் தம்பி. கிழமை நாட்களில் கணினி முன்னால் குனிந்திருப்பான். லீவு கிடைத்தால் செம்மண் பாதைப் பந்தயங்களில் உயிரைப் பணயம் வைப்பான். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் சமையலறையில் நின்று, கையில் மீன் வெட்டும் கத்தியோடு மனைவி எனக்குச் சொன்னாள்:

"நீங்கள் போய் அவனுக்கு எடுபிடி வேலை செய்யுறதில எனக்குப் பிரச்சினை இல்லை. அவனுக்கு ஒரு எலும்பு முறிஞ்சாலும் இந்த வீட்டுப் பக்கம் வராதேங்கோ."

கராஜ்காரரை எல்லோரும் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்ட மனிதர். காரின் கண்ணாடியில் அந்தோனியார் பதக்கம், முன்பக்கத்தில் நூலில் கட்டிய தேசிக்காய். எந்தப் பக்கத்திலிருந்தும் ஆபத்து வர அவர் விடுவதில்லை. நான் முதல்நாள் போனபோது, வெல்டிங் செய்கிற மனிதர் காருக்குக் கீழே படுத்திருந்தபடி, "பாஸ், இந்த போல்ட் முறியப் போகுது" என்றார். அவர் என் வயதுக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அடுத்த கணம் ஒரு ஸ்பேனர் என் காதை உரசிக்கொண்டு பறந்து அவருடைய முழங்காலில் பட்டது. அவர் கத்தினார். பாஸ் மன்னிப்புக் கேட்டது காரிடம்.

விதி இதுதான்: காருக்குப் பக்கத்தில் நின்று முறியும், உடையும், கழரும், எரியும் என்று தமிழில் சொல்லக் கூடாது. சொன்னால் நடக்கும். போன வருடம் யாரோ "கழரப் போகுது" என்று சொல்லி, சைலன்சர் கழன்று பின்னால் வந்தவனின் கண்ணாடிக்குள் புகுந்ததாம். சிங்களத்திலும் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் சொல்லலாம்.

"ஏன் இங்கிலீசில சொன்னாப் பரவாயில்ல?" என்று கேட்டேன்.

"இங்கிலீசு காருக்கு விளங்காது, சேர்."

"இது ஜப்பான் கார். இதுக்குத் தமிழ் மட்டும் எப்படி விளங்குது?"

பாஸ் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பத்து வருசமா எங்களோட இருக்கு சேர்."

இருபத்தைந்து வருடமாக நான் ஒரு காப்புறுதிக் கம்பனியில், நட்டஈடு கேட்பவர்களுக்கு மறுப்புக் கடிதங்கள் எழுதுகிறேன். கூரை பறந்துபோன வீட்டுக்காரருக்கு, 'மேற்பகுதியில் ஏற்பட்ட சிறிதளவு பாதிப்பு' என்று எழுதி வளர்ந்த ஆங்கிலம் என்னுடையது. யாரும் பதறாமல் கெட்ட செய்தி சொல்ல நாட்டில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. அதனால் பாஸுக்கு அந்த ஆங்கிலத்தை நானே படிப்பிக்க முன்வந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு நடந்தது.

பாஸுக்குக் கோளாறு என்பது அடிதடி. கியர் கடிக்கும், சொல்லும்போது அவரே காற்றைக் கடித்துக் காட்டுவார். எஞ்சின் தட்டுகிற சத்தத்தைக் காட்ட வெல்டிங்காரரின் முதுகில் குத்துவார். ஸ்டியரிங் இழுத்து அடிப்பதைக் காட்ட ஒருமுறை என் கையைப் பிடித்து முறுக்கினார். இரண்டு நாள் என்னால் சேர்ட் பொத்தான் போட முடியவில்லை. இந்த முரட்டுத்தனத்தையெல்லாம் நான் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தேன். கார் திரும்ப மறுத்து நேரே மதிலுக்குப் போனால் அண்டர்ஸ்டியர். எஞ்சின் விக்கினால் மிஸ்ஃபயர். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் ஃபேட்.

"பள்ளத்துல இறங்குறப்ப பிரேக் இல்லாமப் போறதுக்கு இவ்வளவு சின்னச் சொல்லா?" என்றார் பாஸ்.

"வெள்ளைக்காரன் பதற மாட்டான், பாஸ்."

"செத்தாலுமா?"

"செத்தாலும் கடிதம் எழுதித்தான் சொல்லுவான்."

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'ஸ்லைட்', அதாவது 'மெல்லிய', போட்டால் கனவான் தன்மை வரும் என்று அந்தச் சனிக்கிழமைதான் படிப்பித்தேன். பாஸ் அதை நெற்றியில் விரல் வைத்து மனப்பாடம் செய்தார். இவ்வளவு நல்ல மாணவன் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

பந்தய நாளன்று முதல் சுற்றை மைத்துனன் இரண்டாவதாக முடித்தான். இரண்டாம் சுற்றுக்குக் கார் கோட்டில் நின்றது. பதினாறு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் உறுமின; செம்மண் பல்லுக்குள் நறநறத்தது. பாஸ் வழக்கம்போல ஒவ்வொரு சில்லாகப் பிடித்து ஆட்டிக்கொண்டு வந்தார். முன் இடது சில்லை ஆட்டியபோது அது ஆடியது. ஆடக் கூடாத அளவுக்கு ஆடியது. கார் ஓட்டத் தெரியாத எனக்கே அது விளங்கியது.

பாஸின் முகம் வெளிறியது. கொடிக்காரர் கையை உயர்த்திவிட்டார். பாஸ் ஜன்னலுக்குள் தலையை விட்டார். வாயைத் திறந்தார், பதக்கத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான், வெட்கத்தோடு சொல்கிறேன், உற்சாகமாகத் தலையாட்டினேன், பரிசளிப்பு விழாவில் மேடையேறும் பிள்ளையைப் பார்க்கிற தகப்பன் மாதிரி.

"ஸ்லைட் வைப்ரேஷன்," என்றார் பாஸ், ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக. "ஃப்ரண்ட் லெஃப்ட்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மைத்துனன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கொடி விழுந்தது.

மூன்றாவது வளைவில் சில்லு காரைவிட்டுப் பிரிந்தது. அது மட்டும் தனியாக, காரையும் முந்திக்கொண்டு ஓடி, டயர் மதிலைத் தாண்டிக் குதித்தது. கார் மூக்கை மண்ணுக்குள் குத்தி, தூக்கி எறியப்பட்டு, மூன்று முறை உருண்டது. ஒவ்வொரு உருளலுக்கும் ஒரு கூரைத் தகரத்தை உயரத்திலிருந்து போட்ட சத்தம். கதவு ஒன்று பறந்தது. பிறகு தூசி, தூசிக்குள் ஒரு எஞ்சின் மட்டும் பைத்தியம் பிடித்ததுபோல அலறியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் ஆசனப் பட்டியில் தலைகீழாகத் தொங்கினான். வாயிலிருந்து ரத்தம் மூக்கின் வழியாக நெற்றிக்கு வடிந்தது. பெற்றோல் மணம். பாஸ் அலவாங்கை விட்டு நெம்பினார். தகரம் கிழிந்து அவருடைய முன்கையையும் கிழித்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. வெல்டிங்காரர் பட்டியைக் கத்தியால் அறுத்தார். பெடல்களுக்கு இடையில் சிக்கிய காலை இழுத்தபோது அவன் போட்ட சத்தத்தை நான் இன்னும் யாருக்கும் விவரிக்கவில்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது.

அம்புலன்ஸில் அவனை ஏற்றியபோது, அதற்குள் இடமில்லை என்று எங்களை இறக்கிவிட்டார்கள். பாஸ் திரும்பி நடந்து, அலவாங்கை இரண்டு கையாலும் ஓங்கிக் காரை அடிக்கத் தொடங்கினார். இத்தனை காலமாக விழுங்கி வைத்திருந்த சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. "முறிஞ்சு போ! உடைஞ்சு போ! எரிஞ்சு நாசமாப் போ!" தேசிக்காய் நசிந்தது. பதக்கத்தை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். மற்ற அணிக்காரர்கள் தூர நின்று பார்த்தார்கள்.

இந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் அவருடைய தோளைத் தொட்டேன்.

"வெரி அன்ஃபோச்சுனேட், பாஸ்," என்றேன்.

அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுத்தான் குத்தினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. மூக்குக்குள் ஏதோ முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. செம்மண்ணில் மல்லாந்து கிடந்தேன். "'கழரப் போகுது, இறங்குடா' எண்டு கத்த வந்த வாய் சேர் இது!" என்று என் மேல் நின்று அழுதார். "மூண்டே சொல்லு! உங்கட இங்கிலீசால அவன் போயிட்டான்!"

அவன் போகவில்லை. காலில் இரண்டு எலும்பு, விலாவில் மூன்று. ஒரு எலும்புக்கே வீடு இல்லை என்றவள், மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் மூக்கில் பஞ்சோடு நின்று, அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாஸ் உண்மையைச் சொல்ல வாயெடுத்ததையும், நான் படிப்பித்த நாகரிகம் அந்த வாயை அடைத்ததையும், அந்த மெல்லிய சொல்லை நம்பித்தான் அவன் புறப்பட்டான் என்பதையும், ஒரு பிழையான சொல் ஒரு மனிதனைக் கொல்லக் கூடும் என்பதை இந்த வயதில் அறிந்துகொண்டதையும். குரல் தழுதழுத்தது, நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் முனகினான்.

"அத்தான், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அந்த இரைச்சலுக்குள்ள எனக்கு ஒரு மண்ணும் கேக்கேல்ல. பாஸ் வாயசைச்சவர், நீங்கள் பின்னால நிண்டு தலையாட்டினீங்கள். ரெண்டு பேரும் சும்மா வாழ்த்துறீங்கள் எண்டு நினைச்சன்."