சாமிக்காக ருசி பார்த்த நாக்கு

மாலை போட்டவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன். திட்டியது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

துபாயில் ஒரு ஹோட்டலின் கிரில் ரெஸ்டாரண்டில் நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே வெயிட்டராக இருந்தவன் சிவகங்கைப் பக்கத்துக்காரன். அதற்கு முன் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு ஜூஸ் கடையில் இருந்தவன். அந்த ஊரில் மதுவே கிடையாது. இங்கே வந்துதான் வைன் பாட்டிலைத் தொட்டான். தொட்டதும் பிடித்துக்கொண்டது. குடிக்கிற பிடிப்பு இல்லை, தெரிந்துகொள்கிற பிடிப்பு.

வைன் பரிமாறுகிற வேலை ஒன்று காலியானது. அது கிடைத்தால் சம்பளம் ஏறும், குடும்ப விசா எடுக்கலாம். மனைவியையும் மகளையும் போனிலேயே பார்த்துக் காலம் தள்ளியவன் அவன். மகளுக்கு அப்பா என்றால் போன்தான்.

சோதனைக்கு ஒரே திராட்சையை வைத்தார்கள்: கேபர்னே சாவின்யோன். தோல் தடித்த கறுப்புத் திராட்சை. பல நாட்டு வைனை ஐந்து கிளாஸில் ஊற்றி, பாட்டிலைக் காட்டாமல், எது எந்த ஊர் என்று கேட்பார்கள்; ஒரே ஊர் இரண்டு தடவையும் வரலாம். திராட்சை ஒன்றுதான். மண்ணும் வெயிலும் மாறினால் குணம் மாறிவிடும்.

சோதனை கார்த்திகை மாதத்தில் வந்தது. முதல் தேதியே கழுத்தில் மாலையோடு வந்து நின்றான்.

“ஏன் சாமி, உனக்குக் கூறு இருக்கா? சோதனை முடிஞ்சு போட்டா ஐயப்பன் கோவிச்சுக்குவாரா?”

“பொண்டாட்டி புள்ள இங்க வரணும்னுதானே சாமி மாலையே போட்டுருக்கேன்.”

“அவங்க வரணும்னாத்தான் அந்த வைனை வாயில வைக்கணும்!”

“ஊத்துறது டூட்டி. வாயில வச்சா வெரதம் போச்சு.”

“துப்பிடலாம்.”

“துப்புனாலும் நாக்குல பட்டது பட்டதுதான் சாமி.”

பொம்பளையான என்னையும் சாமி என்றே கூப்பிட்டான். அப்படிக் கூப்பிடுபவனிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது?

வைன் பிரிவின் தலைவர் தென்னாப்பிரிக்காக்காரர். நல்ல மனுஷன், ஆனால் சட்டம் சட்டம் என்பார். வாயில் வைக்காதவனுக்குச் சோதனை கிடையாது என்றுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக அவர் அறைக்குப் போனேன். ரமலானில் நம் சமையல்காரர்கள் பகல் முழுக்க ஒரு பருக்கை வாயில் வைக்காமல் இஃப்தாருக்குச் சமைக்கிறார்களே, உப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். நோன்பு இல்லாத ஆள் பார்த்துச் சொல்கிறான் என்றார். அதே மரியாதை இவனுக்கு ஏன் இல்லை என்றேன். சரி, நீயே ருசி பார்த்துச் சொல், ஊர் பெயரை மட்டும் அவன் சொல்லட்டும் என்றார்.

எனக்கு வைன் என்றால் புளித்த தண்ணீர். அதை யோசிக்காமலே கத்திவிட்டு வந்திருந்தேன்.

மதியக் கூட்டம் கலைந்ததும் தலைவர் எதிரே உட்கார்ந்தோம். அவன் மோந்து பார்ப்பான், நான் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவேன்.

முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே சிரித்துவிட்டான். “நீலகிரித் தைலம் சாமி. ஆஸ்திரேலியா, கூனவாரா.” அங்கே தோட்டத்தைச் சுற்றி யூகலிப்டஸ் மரம் நிற்குமாம்.

இரண்டாவதில் பச்சைக் குடமிளகாய் அரிந்த வாசனை. சிலி என்றான். மூன்றாவதில் நாவல் பழத்தை வெல்லம் போட்டுக் காய்ச்சிய மாதிரி, கூடவே ஐஸ்க்ரீம் எசன்ஸ். “நல்லா வெயில் காஞ்ச ஊரு. கலிபோர்னியா.” மூன்றும் சரி.

நான்காவதில் தயங்கினான். “பென்சில் சீவுன வாசம் வருது. வாயில எப்படி இருக்கு?”

“வாழக்கா வெட்டுன கைய நக்குன மாதிரி இருக்கு. ஈறு இழுக்குது.”

“புளிப்பு?”

“இருக்கு.”

“பிரான்ஸ். போர்தோ.” அதுவும் சரி.

ஐந்தாவதை வெகுநேரம் மோந்தான். “இதுலயும் பென்சில் இருக்கு. ஆனா லேசாப் புகையும் வருது. முன்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சாமி?”

எனக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. “ஒண்ணுதான்ப்பா. ஒரே வாழக்காதான்.”

“அப்ப இதுவும் போர்தோதான்.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் நாக்கை நம்பி ஒருத்தன் குடும்பத்தையே பணயம் வைத்துவிட்டானே என்று நினைத்தேன். அவர் மூடியிருந்த துணியை எடுத்துப் பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். ஸ்டெல்லன்போஷ். தென்னாப்பிரிக்கா. அவருடைய சொந்த ஊர்.

தப்பு. ஆனால் மனுஷன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். எங்கள் ஊர் வைனை உலகத்திலேயே பேர்போன போர்தோ என்று சொல்லும் ஆள்தான் எனக்கு வேண்டும் என்றார். மாலை கழற்றிய பிறகு தன் நாக்காலேயே ஒருமுறை சோதனையில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலையைக் கொடுத்தார். சபரிமலை போய் வந்து அதிலும் உட்கார்ந்தான். அந்தத் தடவை ஐந்தும் சரி. வாழைக்காய் எல்லாம் ஒன்றில்லை என்று எனக்குச் செய்தியும் அனுப்பினான்.

கோடை முடிந்து குடும்பம் வந்தது. அடுத்த கார்த்திகையில் மறுபடி மாலை போட்டான். பூஜை என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவன் மனைவி, படையல் என்பதால் சாமிக்கு வைக்கும் முன் எதையும் ருசி பார்க்காமலே சமைத்திருந்தாள். கற்பூரம் காட்டி முடித்ததும் முதல் இலையை எனக்குத்தான் போட்டாள்.

“அக்கா, நீங்கதானே இவுகளுக்கு ருசி பாத்துச் சொன்னது? சாம்பாரு எப்படியிருக்குன்னு சொல்லுங்க.”

மகள் அவன் மடியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

“உப்புக் கரிக்குது,” என்றேன்.

“இதுல மட்டும் உங்க நாக்கு தப்பாது சாமி,” என்றான் அவன்.