கூடுவாஞ்சேரியில் ஏற்றிய எருமை

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். திருநீர்மலைக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. மாமனார் காலத்தில் பயிர் வைத்த நிலமெல்லாம் இப்போது அடுக்கு மாடி. மிஞ்சியது வீடும், பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகையும், அதில் நான்கு எருமைகளும். டீக்கடைக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பால் ஊற்றிப் பிழைக்கிறோம். சனிக்கிழமை தவறாமல் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பேன். எறும்புக்கும் தீங்கு நினைக்காதவள் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு எண்ணம்.

எருமை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் வரும். சினை நிற்காது. பால் வற்றிவிடும். தீனி மட்டும் குறையாது. பசுவாக இருந்தால் கோசாலையில் கேட்டுப் பார்க்கலாம். எருமையை எந்தக் கோசாலையிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். விற்கத்தான் வேண்டும். விற்றால் எங்கே போகும் என்று கொடுப்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கொடுப்பவர் "வளர்ப்புக்குத்தானே?" என்று கேட்கவேண்டும். வாங்குபவர் "வளர்ப்புக்குத்தாம்மா" என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் மஞ்சள் குங்குமம் வைத்து ஓட்டிவிடுவோம். பொய் சொன்ன பாவம் அவனோடு போய்விடும், நமக்கு ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை.

இந்தப் பொய்யைச் சொல்லாத ஒரே ஆள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மாட்டுக்கறிக் கடை வைத்திருந்த பாய்தான். வீட்டுக்கு வீடு நடந்து, வற்றிப்போன எருமைகளைப் பார்த்து வாங்குவார். மாட்டு டாக்டர் பார்த்து முத்திரை வைத்த பிறகு அறுப்புக்கூடத்தில் அறுத்து, மறுநாள் காலையில் கடையில் மாட்டுவார். பிரியாணிக் கடைக்காரர்கள் அவரிடம்தான் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அங்கே கூட்டம் நிற்கும். அவர் வீட்டுக்கும் நான்தான் பால் ஊற்றினேன். அவர் பிள்ளைகள் மூன்றும் எங்கள் மூத்த எருமையின் பாலைக் குடித்து வளர்ந்தவை.

பிறகு கேரளாவுக்கு ஏற்றுகிற புரோக்கர்கள் வந்தார்கள். அந்தப் பக்கம் எருமைக்கறிக்கு எப்போதும் கிராக்கி. அதனால் ஆந்திராவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் சேர்த்து லாரியில் ஏற்றிப் பாலக்காட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடுவார்கள். பாய் கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீடாக அவர்கள் பக்கம் சாய்ந்தது. பாய்க்கு வாரத்தில் ஆறு நாள் அறுப்பு இருந்தது, பிறகு மூன்று நாள், பிறகு ஞாயிறு மட்டும் என்று ஆகிவிட்டது.

எங்கள் மூத்த எருமைக்கு அந்த நாள் போன கோடையில் வந்தது. பாய் அவராகவே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றார். புரோக்கர் சொன்ன விலையைத் தன்னால் கொடுக்க முடியாது, கொஞ்சம் குறைத்துக் கேட்கிறேன் என்றார். இந்த வாரத்துக்கு இதுவும் இல்லையென்றால் பிரியாணிக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, எருமையைத்தான் பார்த்தார்.

விலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அதைச் சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். இவர் கடையில் அது தொங்கும், சனிக்கிழமை நான் அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எல்லை தாண்டிப் போய்விட்டால் அது எனக்கு நடக்காதது மாதிரி.

"உன் கையில குடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு பெருமாள பாக்குறது பாய்? அந்தப் பாவம் எனக்கு வேணாம்," என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கோபப்படவில்லை.

"என்னாண்ட குட்த்தா அர நிமிஷம்க்கா. அவன்கிட்ட குட்த்தா மூணு நாளு. அதுக்கு மேல உன் இஷ்டம்."

"வளர்ப்புக்குன்னு சொல்றான். நீ அதக்கூட சொல்ல மாட்டேங்கிற."

"சொன்னா நம்பிடுவியா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை புரோக்கர் வந்தார். வளர்ப்புக்குத்தானே என்றேன். வளர்ப்புக்குத்தாம்மா என்றார், வாயில் பாக்கோடு. குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை காலை மலைக்குப் போகாமல் கூடுவாஞ்சேரிக்குப் போக நேர்ந்தது. நாத்தனார் வீட்டில் காது குத்து. ஸ்டேஷனில் இறங்கி, அவர்கள் வீடு இருக்கிற புது லேஅவுட்டுக்குள் நடந்துபோனேன். விற்காத மனைகள் வரிசையாகக் கிடந்த பக்கத்தில், ஒரு மரநிழல்கூட இல்லாத வெட்டவெளியில், மனை எண் எழுதிய கற்களில் மாடுகளைக் கட்டியிருந்தார்கள். முப்பதாவது இருக்கும். லாரி நிறைகிற அளவுக்குச் சேர்க்கிற இடம் அது. எல்லாம் எருமைகளும் கிழட்டு எருதுகளும்தான். அக்கினி நட்சத்திர வெயில். எருமைக்குத் தோலில் ஈரம் இருக்கவேண்டும். வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று தரம் ட்யூப் வைத்துத் தண்ணீர் அடிப்பேன். இங்கே தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று இருந்தது, அதன் அடியில் பாசி காய்ந்து உரிந்திருந்தது.

என்னுடையதை நெற்றியில் இருந்த குங்குமத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். படுத்துக் கிடந்தது. தோல் சாம்பல் பூத்து வெடித்திருந்தது. முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே பக்கவாட்டில் மடங்கியிருந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது வழுக்கிவிட்டதாம். வியாழக்கிழமையிலிருந்து அப்படியே கிடக்கிறது.

அங்கே நின்றிருந்த புரோக்கரிடம், பணத்தைத் திருப்பித் தருகிறேன், எருமையைக் கொடுத்துவிடு என்றேன். எப்படிக் கொண்டுபோவாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே ஆளுக்குப் போன் போட்டேன்.

பாய் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். வந்தவர் வழியில் ஒவ்வொரு மாடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இது முடிச்சூர் பால்காரர் வீட்டுடையது, இது பெருங்களத்தூர் அம்மாவுடையது என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எல்லாம் முன்பு அவருக்கு மாடு கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள். என் எருமையிடம் வந்து உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்த்தார். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை அதன் வாயோரத்தில் ஊற்றினார். நாக்கு வெளியே வந்து தரையில் சிந்தினதை நக்கியது.

"எடுத்துகினு போ பாய். காசே வேணாம். நீயே முடிச்சுடு," என்றேன்.

"கால் ஊனலன்னா டாக்டர் முத்திர வெக்க மாட்டாரு. அறுப்புக்கூடத்துல உள்ளயே வுட மாட்டாங்க. தெருவுலயா வெச்சி அறுக்க முடியும்? அன்னிக்கே குட்த்திருந்தா என்னால முடிஞ்சிருக்கும்க்கா. இப்ப முடியாது."

அப்போது லாரி வந்து மண்மேட்டில் பின்பக்கத்தைச் சேர்த்து நின்றது. மற்றவற்றை ஏற்ற ஆரம்பித்தார்கள். மேட்டில் ஏறத் தயங்கியவற்றின் வாலை முறுக்கினார்கள். அதற்கும் அசையாவிட்டால் கண்ணில் மிளகாய்த்தூள். ஒருவன் தோளில் பையை மாட்டிக்கொண்டு, கோயிலில் விபூதி கொடுப்பதுபோல் அதிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்தான். கடைசியாக என்னுடையதற்கு வந்தார்கள். கொம்பில் கயிற்றைக் கட்டி லாரிக்குள்ளிருந்து நான்கு பேர் இழுத்தார்கள். உடம்பு நகர்ந்தது, மடங்கிய கால் மண்ணில் கோடு போட்டது. அது போட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை. நான் அடித்துக்கொண்டு அழுதேன்.

புரோக்கர் கையைக் காட்டி இழுப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"நீ கூப்டா எழுந்துக்கும்மா. இல்லன்னா இப்டித்தான் இட்டுகினு போவாங்க. கூப்டு."

"கூப்டாதக்கா," என்றார் பாய்.

பால் கறக்க உட்காரும்போதெல்லாம் நான் அதனிடம் பேசிக்கொண்டேதான் கறப்பேன். குழந்தையைக் கூப்பிடுவதுபோல ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிடுவேன். எங்கே நின்றாலும் வந்துவிடும். கயிற்றால் இழுபடுவதைவிட நடந்துபோவது மேல் என்று அந்த நேரத்துக்குத் தோன்றியது. லாரிப் பக்கத்தில் போய் நின்றேன். கூப்பிட்டேன்.

காது அசைந்தது. தலையைத் தூக்கியது. பின்னங்கால்களை ஊன்றி, முன்னால் ஒற்றைக் காலில் எழுந்தது. அங்கே நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். அது அந்த மேட்டில் ஏறியது. உடைந்த காலையும் ஊன்றித்தான் ஏறியது, ஊன்றும்போதெல்லாம் சாய்ந்தது, சாய்ந்தபோதெல்லாம் நான் திரும்பக் கூப்பிட்டேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில், நான் நிற்கிற பக்கமாகவே தலையை நீட்டிக்கொண்டு உள்ளே போனது. பலகையைத் தூக்கிக் கொக்கி போட்டுவிட்டார்கள். நான் வாயை மூடிய பிறகும் உள்ளிருந்து அது பதில் கொடுத்துக்கொண்டிருந்தது.

பாய் வண்டியைத் திருப்பி என்னை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனில் விட்டார். காது குத்துக்கு நான் போகவில்லை.

அதற்கு அடுத்த மாதமே பாய் கடையை மூடினார். அந்த இடத்தில் இப்போது மொபைல் ரிப்பேர் நடக்கிறது. பிரியாணிக் கடைகளுக்குப் பெட்டியில் ஐஸ் வைத்த கறி எங்கிருந்தோ வருகிறது. அந்தப் பெட்டிகளைச் சுமந்து இறக்குகிற வேலையை அவர் செய்கிறார். அவர் வீட்டில் இன்னும் என்னிடம்தான் பால் வாங்குகிறார்கள். வாங்குவதை நிறுத்தியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

இப்போது இரண்டாவது எருமைக்கும் பால் வற்றிவிட்டது. சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்த பாயிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், நீ வந்து வாங்கிக்கொள் என்று. கத்தி, தராசு, லைசென்ஸ் எல்லாம் போய்விட்டதாம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் உன்னை மாதிரி வீட்டு வாசலுக்கு வந்து வாங்கி இங்கேயே அறுக்கிற ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லக்கா என்றார்.

நாளைக்குப் புரோக்கர் வருகிறார். சனிக்கிழமைகளில் பெருமாளிடம் நான் என்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கேட்க வாய் வருவதில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கிறேன். கூடுவாஞ்சேரிக்குப் போய்வந்த நாளிலிருந்து கொட்டகையில் நான் பேசுவதில்லை. தீனி வைப்பேன், கழுவுவேன், கறப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். முதலில் எருமைகள் காதைத் திருப்பித் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது பார்ப்பதில்லை. நாளைக்கு அவர்கள் எவ்வளவு சொன்னாலும், நான் கூப்பிட்டால் இது வராது.