ஒரே கேள்விக்கு நாலு டிக்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவோம். துணித் தொழிற்சாலையில் பதினோரு வருடம் காலர் தைத்துவிட்டு, எங்கள் ஆய்வுக்குக் கேள்வி கேட்க வந்தவர். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஊரும் உறவும் எப்படி நடத்துகின்றன என்பதுதான் ஆய்வு. அக்கா மருத்துவமனையில் அவர்களைச் சந்தித்துப் படிவம் நிரப்புவார். நான் அதைக் கணினியில் ஏற்றுவேன்.

பதினான்காம் கேள்வி, உங்களை ஒதுக்கியதற்கு என்ன காரணம் என்பது. நோய், ஏழ்மை, பார்க்கும் வேலை, துணை இல்லாதது என்று கட்டங்கள். ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். அக்கா பாட்டுக்கு மூன்று, நான்கு என்று போட்டுக்கொண்டு வந்தார். கணினி ஒன்றுக்கு மேல் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அறுபது படிவம் தேங்கிப்போய் எனக்குத் தலைவலி.

அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒண்ணே ஒண்ணுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியலையா? அறுபதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். நாளையிலிருந்து நீங்களும் வர வேண்டாம்."

அக்கா அசையவில்லை. "என்னையே கேளுங்க சார். எனக்கும் அந்த நோய் இருக்கு. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னப்போ மாத்திரை டப்பாவைப் பார்த்தாங்க, புருஷன் இல்லாததைப் பார்த்தாங்க, நேரங்கெட்ட நேரத்துல வேலை முடிஞ்சு வர்றதைப் பார்த்தாங்க. இதுல ஒண்ணை மட்டும் எப்படி சார் பிரிக்கிறது?"

எதற்கெடுத்தாலும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிற மனிதர், அன்று படிவத்தை எடுத்துப் பதினான்காம் கேள்வியை இன்னொரு முறை படித்தார். ஒரே வாரத்தில் புதுப் படிவம் வந்தது. பொருந்துகிற எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம். அறுபதும் தப்பின, அக்காவின் வேலையும் தப்பியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் டீ வந்தது. எங்களுக்கெல்லாம் வழக்கமான கண்ணாடி டம்ளர். அக்காவுக்கு மட்டும் காகிதக் கப். டம்ளரால் தொற்றாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள்! பார்த்தும் நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் எதிரிலேயே உட்கார்ந்து நிரப்பினார். சாயங்காலம் மற்றவற்றோடு அதுவும் என் கைக்கு வந்தது. பதினான்கில் நாலு டிக். எங்கே நடந்தது என்ற இடத்தில் எங்கள் அலுவலக முகவரி. அப்போது கூட இருந்தது யார் என்ற இடத்தில், "டைப் அடிக்கிற தங்கச்சி."

அதையும் நான்தான் கணினியில் ஏற்றினேன்.