ஏழு கோடு கோணல்

என் தங்கச்சி புருஷனுக்கு வேலை இடத்தில் ரசமட்டம் (கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவி) என்று பெயர். வீட்டிலும் அதுதான். சாப்பாட்டு மேசையின் கால் ஒரு நூல் குட்டையாக இருந்தாலும், அட்டை மடித்து அண்டை கொடுக்காமல் தட்டில் கை வைக்க மாட்டான்.

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் லேசர் கூடத்தில் அவன் ஃபிட்டர். அதே கட்டடத்தில் நான் வேக்குவம் பம்பு ஓட்டுகிறவன். அங்கே நடப்பதை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்புப் பெட்டிக்குள் வழவழப்பான கண்ணாடித் தகடு இருக்கும். லேசர் அதன்மேல் ஓர் அடி அடிக்கும். அடிபட்ட இடம் அக்கணமே கொதித்துப் பிளாஸ்மா ஆகும்; டியூப்லைட்டுக்குள் எரிகிற சமாச்சாரம்தான். அந்தப் பிளாஸ்மா ஒளியைத் திருப்பி எறியும்போது துணுக்குத் துணுக்காக வரிசையாய்க் கிளம்பும். அந்தத் துணுக்கோடு ஒப்பிட்டால் ஒரு கண் சிமிட்டல் என்பது யுகம். தகட்டில் மிஞ்சுவது ஒரு குழி.

டாக்டரம்மாவுக்கு (ஊசி போடுகிறவர் இல்லை, ஆராய்ச்சிக்காரர்) அந்த வரிசையில் ஒற்றைத் துணுக்கு தனியாக வேண்டும். அதற்காக லேசர் வரும் வழியில் ஆப்பு மாதிரி ஒரு கண்ணாடியைக் கோணலாக வைத்திருந்தார். குழாயை வீசிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சினால் சொட்டுகள் திசைக்கொன்றாகப் போகுமே, அதுபோலத் துணுக்குகள் பிரியும். நடுவில் ஒரு சந்து வைத்தால் ஒன்று மட்டும் தப்பி வரும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் லேசர் வேறு குழுவுக்குப் போய்விடும். இரண்டு வருட உழைப்பு அம்போ.

புதன் காலை தகடு மாற்றப் போன ரசமட்டம் ஆப்புக் கண்ணாடியைப் பார்த்தான். கை சும்மா இருக்குமா? நேராக்கிவிட்டு வந்தான்.

அதன்பின் திரையில் துணுக்குக்கு ஒன்றாகத் தனித்தனியே நின்ற கோடுகள் ஒரே தீற்றலாக அப்பிக்கொண்டன. முதலில் லேசரைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு என் பம்பை. வியாழன் சாயங்காலம்வரை தேடினார்கள்.

அப்போதுதான் ரசமட்டம் பம்பு அறைக்கு வந்தான்.

"மச்சான், நான்தான் திருப்பினேன். கோணலா இருந்துச்சு."

"உன் மூஞ்சிகூடத்தான் கோணலா இருக்கு. அதைத் திருப்பினியா?"

"சொன்னா கார்டைப் புடுங்கிடுவாங்க." கூடத்துக்குள் நுழைகிற கார்டு. பன்னிரண்டு வருஷமாக அவன் கழுத்தில் தொங்குவது.

"அப்ப வாயை மூடிக்கிட்டு கிட மாப்ள. என் பம்பைத்தானே திட்டுறாங்க? அது கோவிச்சுக்காது."

அவன் எழுந்து டாக்டரம்மாவிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

டாக்டரம்மா கத்தவில்லை. "எவ்வளவு திருப்புனீங்க?"

"திருகு அளவுல ஏழு கோடும்மா. வலது பக்கம்."

"நிச்சயமா?"

"எண்ணாம நான் எதையும் திருகுனதில்லம்மா."

"அப்ப நீங்களே பழையபடி வைங்க."

நேராக்க அவனுக்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். கோணலாக்கி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. திரையில் கோடுகள் பிரிந்து நின்றன. வெள்ளி மத்தியானம் சந்து வழியாக ஒன்றே ஒன்று வந்தது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எவ்வளவோ பேசிப் பார்த்தும், திங்களன்று கார்டை வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவன் என்னோடு பம்பு அறையில். கார்டைக் கொடுக்கும் முன் கூடத்தில் அவனுக்கு ஒரு கடைசி வேலை இருந்தது. "தொடாதே, கோணலாகவே இருக்கட்டும்" என்று ஒரு சீட்டு எழுதி ஆப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள்.

அடிக்கோல் வைத்து நேராக ஒட்டியிருந்தான்.