சுற்றுக்கு ஒன்பது அங்குலம்

பட்டறைக்குள் எந்த வண்டி நுழைந்தாலும், என்ன கோளாறு என்று அவர் முதலில் கேட்பதில்லை. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குந்தி உட்காருவார். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரின் மேல் ஒரு கோடு, அதற்கு நேராகச் சிமெண்ட் தரையில் ஒரு கோடு. பிறகு வண்டியை மெல்லத் தள்ளச் சொல்வார். டயர் முழுதாக ஒரு சுற்று உருண்டு, அதன் கோடு மறுபடி தரைக்கு வந்து உட்காரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப்பை இழுத்து அளந்து, வந்த எண்ணை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்வார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து வண்டிக்காரர் முகத்தைப் பார்ப்பது. ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவனுக்கும் இதே உபசாரம்தான்.

பக்கத்துக் கொட்டகை வெல்டிங்காரர், "பொண்ணு பார்க்க வந்தவங்களையும் ஒரு சுத்து உருட்டி அளந்துட்டுதான் உள்ள விடுவாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சாக்பீஸ் என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. துணி துவைக்கும்போது பையில் கரைந்துபோன வெள்ளைக் கூழைப் பிதுக்கி எடுக்கும் மனைவி, வாத்தியாரைக் கட்டியிருந்தால் சாக்பீஸோடு சம்பளமும் வந்திருக்கும் என்பாள். 

சாயங்காலம் தரையைக் கழுவும்போது அன்றைய கோடுகள் எல்லாம் போய்விடும். ஒரு ஜோடி மட்டும் போகாது. பின்சுவர் ஓரமாக, எந்த வண்டியும் நிற்காத இடத்தில், எட்டடி இடைவெளியில் இரண்டு கோடுகள். மங்கினால் அவரே மறுபடி போட்டுவைப்பார். அது எந்த வண்டி என்று யாரும் கேட்டதில்லை.

அது மழைக்காரருடைய ஜீப்.

மலைமேல் ஐந்து இடங்களில் மழைமானிகள் இருந்தன. வாரம் ஒரு முறை ஏறிப்போய், எத்தனை மில்லிமீட்டர் பெய்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவது அவர் உத்தியோகம். அலுவலக வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அதனால் ராணுவம் கழித்துப் போட்ட ஒரு கிழட்டு ஜீப்பை அவர் சொந்தமாக வாங்கினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதைப் பட்டறைக்கு ஓட்டிவந்து, "தம்பி, இது நாலாவது ஓடையில வயித்தை இடிச்சிக்குது. கொஞ்சம் உயரமாக்கிக் குடு" என்றார்.

உயரமாக்குவதில் இரண்டு வகை உண்டு. அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையோடு இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டினால் வண்டியின் உடம்பு மேலே போகும். ஆனால் அச்சும், அதன் நடுவே தொங்கும் கியர் உருண்டையும் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதைத் தூக்க டயரால் மட்டும்தான் முடியும். அதுவும் டயர் எவ்வளவு வளர்ந்ததோ அதில் பாதிதான். அதனால் பட்டறைக்காரர் இருபத்தெட்டு அங்குல டயரைக் கழற்றி முப்பத்தொன்று போட்டார். அது பக்கச்சுவரில் உரசாமல் திரும்ப, பட்டையை நாலங்குலம் ஏற்றினார். மழைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சின்ன வயதில் யானைமேல் ஏற ஆசைப்பட்டதை இப்போதுதான் கடவுள் கேட்டிருக்கிறார் என்றார்.

வண்டியை ஒப்படைக்கும்போது இவர் ஒரு வார்த்தை சொன்னார். சும்மா, சிரித்துக்கொண்டே. "அண்ணே, இனி உங்க மீட்டர் பொய் சொல்லும். டயர் பெரிசாயிடுச்சு, அது பழைய கணக்கிலேயே எண்ணிக்கிட்டு இருக்கும். பத்துக்கு ஒண்ணு சேத்துக்குங்க." மழைக்காரரும் சிரித்தார். "பொய் சொல்லாத மீட்டர் என் மழைமானி மட்டும்தான்" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, மழைக்காரர் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மலையிலிருந்து கைபேசியில் மழைக்காரர்; எடுத்தது மனைவி. பாதை ஓரம் சரிந்து ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, கால் மாட்டிக்கொண்டது, அடிவாரத்துச் செக்போஸ்ட் கேட்டிலிருந்து நாற்பத்தாறாவது கிலோமீட்டர், இடது பக்கம். அதோடு லைன் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பாதையில் மைல்கல் கிடையாது. போகிற ஒவ்வொருவரும் கேட்டில் தன் வண்டி மீட்டரைக் குறித்துக்கொண்டுதான் தூரம் பார்ப்பது.

தேடப்போனவர்களில் பட்டறைக்காரரும் ஒருவர். அவருடைய பிக்கப்பிலேயே நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனார். மீட்டர் நாற்பத்தாறு காட்டிய இடத்தில், சொல்லிவைத்த மாதிரி, இடது பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. மண்ணும் சரிந்திருந்தது. மூடுபனியில் மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கயிறு கட்டி இறங்கினார்கள், கூப்பிட்டார்கள், புதர் புதராக விலக்கினார்கள். இரண்டு நாள் முழுக்க அந்த ஒரே பள்ளம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் இன்னும் நீளமான கயிறு எடுக்கப் பட்டறைக்கு வந்தார். சுவரோரம் அந்த ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய டயர்கள் நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கயிற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மலையேறினார். தேடிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டிப் போனார். நாற்பத்தாறோடு பத்துக்கு ஒன்று சேர்த்து, தன் மீட்டரில் ஐம்பத்தொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி இடது பக்கம் எட்டிப் பார்த்தால், கிளைகளுக்கு நடுவே ஜீப்பின் பின்சக்கரம் தெரிந்தது. அவர் போட்ட டயர்.

முந்தின நாள் மத்தியானம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஜீப்பை மேலே இழுத்தபோது பேட்டரியைச் சோதித்தது இவர்தான். துளி மின்சாரம் இல்லை. விளக்கு எரியவிடவில்லை, சாவி அணைத்தே இருந்தது. அந்த ஜீப்பில் சாவி போடாமல் வேலை செய்யும் பொருள் ஒன்றுதான், ஹாரன். பேட்டரி தீரும் வரை ஒரு மனிதன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே, மழைச் சத்தத்தில், இவர் வேறொரு பள்ளத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், "கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம்னு தோணுச்சு" என்றார். அந்தப் பேச்சு அப்புறம் மாறவில்லை. ஊரே அவரைக் கொண்டாடியது. மழைக்காரர் மனைவி வழியில் எங்கே பார்த்தாலும் நின்று, "நீங்க இல்லைன்னா அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்" என்பார். அந்த அம்மாவைத் தூரத்தில் கண்டாலே இவர் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டார்.

தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால், செய்கிற வேலையை நிறுத்தி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பார். வெல்டிங்காரர் என்ன என்பார். ஹாரன் சத்தம் மாதிரி இருந்தது என்பார். நாற்பத்தாறு என்ற எண் வாயில் வராது. அவருக்கே நாற்பத்தாறு வயது ஆன வருஷம், கேட்டவர்களிடமெல்லாம் நாற்பத்தைந்து என்றார். அடுத்த வருஷம் ஒரேயடியாக நாற்பத்தேழுக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் இளமையாக இருக்கப் பார்க்கிறார் என்று மனைவி கேலி செய்தாள்.

இப்படியே இருந்திருக்கலாம். போன கோடையில் ஒருநாள் முற்பகலில், இழுவை வண்டி ஒன்று, மழைக்காரர் வீட்டுக் கொல்லையில் கிடந்த அந்த ஜீப்பைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கியது. கூடவே மழைக்காரர் மகள் இறங்கினாள். அப்பா வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அதே ஐந்து மழைமானி, அதே பாதை, அடிவாரத்தோடு நின்றுவிடும் அதே அலுவலக வண்டி.

வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்தார். சாக்பீஸ் டயர் வரை போயிற்று, கோடு விழவில்லை. டயர் வெடிப்பு வெடிப்பாகக் காய்ந்து, காற்று இறங்கி, தரையில் படுத்துக் கிடந்தது.

"அப்பாவுக்குப் போட்ட மாதிரியே போட்டுக் குடுங்க சித்தப்பா" என்றாள். "முப்பத்தொண்ணு, நாலங்குலம்."

அதெல்லாம் வேண்டாம், இருபத்தெட்டே போதும் என்றார். கம்பெனிக்காரன் ஒன்றும் கிறுக்கனில்லை, யோசித்துத்தான் வைத்திருக்கிறான் என்றார். பெரிய டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் பிடிக்க நேரமாகும், இந்தக் கிழட்டு இன்ஜின் இழுக்காது, உயரமான வண்டி சரிவில் ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும் என்று வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றும் உண்மைதான். அத்தனை உண்மையையும் அவர் ஒளிந்துகொள்ளத்தான் எடுத்து அடுக்கினார்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். நாலாவது ஓடைக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சக்கரம் போகும் தடத்துக்கு நடுவே இருக்கும் பாறை ஒன்பது அங்குலம். இருபத்தெட்டு டயரில் உருண்டைக்கும் தரைக்கும் எட்டு அங்குலம்தான். முப்பத்தொன்றில் ஒன்பதரை.

"பட்டையை எவ்வளவு வேணா குறைச்சுக்கலாம். டயரைக் குறைக்க முடியாது. கணக்கு சரிதானே?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பாவும் இவரும் இதே தரையில் உட்கார்ந்து போட்ட அதே கணக்கு.

அவர் எழுந்திருக்கவில்லை. சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவள் சிரித்தாள். "என்ன சித்தப்பா, எதுக்குப் பயப்படுறீங்க? எனக்கு ஏதாவதுன்னா தேடி வர நீங்க இருக்கீங்க. அப்பாவையும் நீங்கதானே கண்டுபிடிச்சீங்க."

"கண்டுபிடிக்கலம்மா" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். மீட்டர் ஏன் குறைத்துக் காட்டும் என்பது, வண்டியைக் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னது, பள்ளத்தில் இரண்டு நாள், சுவரோரம் பழைய டயர்கள். பேட்டரியை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மழை பெய்யும்போதெல்லாம் அவளுக்கும் கேட்கும்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், இல்லை கத்துவாள் என்று. அவள் கையை நீட்டி, "சாக்பீஸைக் குடுங்க" என்றாள்.

பட்டறையில் விற்க வைத்திருந்த ஒரு முப்பத்தொன்று அங்குலச் சக்கரத்தை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள். எங்கே உருட்டுவது என்று பார்த்தவள் கண்ணில் பின்சுவரோரக் கோடுகள் பட்டன. ஒரு கோட்டில் சக்கரத்தை நிறுத்தி அடையாளம் போட்டு உருட்டினாள். அடையாளம் சரியாக அடுத்த கோட்டின்மேல் வந்து நின்றது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பழைய இருபத்தெட்டைக் கேட்டாள். அவர் அதை விற்றிருக்கவில்லை. அது ஏழடி மூன்றங்குலத்தில் நின்றுவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தாள். அவள் சாணுக்கு ஒன்றரை அங்குலம்தான் கூட.

"சுத்துக்கு இவ்வளவுதானா" என்றாள்.

கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது, "முப்பத்தொண்ணே போடுங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். சித்தப்பா என்று கூப்பிடவில்லை என்பதை அவள் போனபிறகுதான் கவனித்தார்.

பதினொரு நாள் வேலை செய்தார். துருப்பிடித்த பழைய பட்டைகளைக் கழற்றிப் புதிதாகக் கட்டினார்; இந்த முறை நாலங்குலம் ஏற்றவில்லை, இரண்டரையோடு நிறுத்தினார். டயர் உரசும் இடத்தில் தகட்டை வெல்டிங்காரரை வைத்து வெட்டி மடித்தார். ஷாக் அப்சார்பரை நீளமானதாக மாற்றினார். பிரேக்கைப் புதிதாகவே போட்டார். கடைசியாக மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே, கியர் பெட்டியில் மீட்டர் ஒயர் சொருகும் இடத்தில் உட்காரும் ஒரு சின்னப் பல்சக்கரம். பழையதில் இருபது பல், இதில் பதினெட்டு. இரண்டு பல் குறைந்தால் மீட்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், பெரிய டயருக்குச் சரியாக எண்ணும். மழைக்காரர் போன அடுத்த மாதமே ஊர் ஊராக அலைந்து வாங்கிவந்தது. போட ஒரு வண்டி இல்லாமல் எட்டு வருஷத்துக்கு மேல் தீப்பெட்டிக்குள் கிடந்தது.

மைல்கல் உள்ள நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தார். பத்துக்குப் பத்து காட்டியது. இருபதுக்கு இருபது. அங்கே நிறுத்தியிருக்கலாம். நாற்பத்தாறாவது கல் வரை ஓட்டினார். மீட்டரும் நாற்பத்தாறு தாண்டி ஒரு நூல்தான் கூட. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஹாரனை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

வண்டியை எடுக்க அவள் வந்தபோது ஒரு தாளை நீட்டி, பல்சக்கரத்தைப் பற்றி எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார். அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் வராதது நியாயம்தான் என்று வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முழுக்க அவள் வாரம் தவறாமல் மலையேறி இறங்கினாள். மழை ஓய்ந்தபின் ஆயில் மாற்ற ஒருநாள் வந்தாள். வண்டிக்கடியில் கிடந்தவரிடம், கேட்காமலே, "சித்தப்பா" என்று ஆரம்பித்தாள். தான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா இரண்டு நாள் வாயே திறக்கவில்லை, மூன்றாம் நாள் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள் என்றாள். அன்றைக்குத் தொலைபேசியில் நாற்பத்தாறு, இடது பக்கம் என்பதோடு அப்பா முடிக்கவில்லை. "பட்டறைத் தம்பிகிட்ட சொல்லு, அவனுக்குப் புரியும்" என்றும் சொல்லியிருந்தார். வண்டியை இழுத்துவரத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மனுஷன் மாட்டிக் கிடக்கும்போது வண்டி என்ன வண்டி என்று அம்மா அதை விட்டுவிட்டார்.