பூனாகலையில பாடுறது யாரு

எங்க வீட்டுக்காரரு யேசுரத்தினம், பால்மா பெக்கெட்டை மோந்து பாக்காம தேத்தண்ணி போட விடமாட்டாரு. மரக்கறிக் கடையில தராசைத் தூக்கி அடியில பாப்பாரு. பதுளை பஸ் ஸ்டாண்டுல "ஹாலிஎல, ஹாலிஎல"ன்னு தொண்டை கிழியக் கத்துற கண்டக்டர்கிட்டயே போயி, "இது ஹாலிஎலைக்கா போகுது?"ன்னு கேப்பாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கம்மா சும்மா இருக்காம, "எங்க நேசராணி கோயில்ல நல்லாப் பாடுவா"ன்னு சொல்லிட்டாங்க. "பாடச் சொல்லுங்க"ன்னாரு. பாடினேன். "இன்னொண்ணு"ன்னாரு. ஒரு பாட்டுன்னா யாரு வேணா பாடமாக்கி வச்சிருக்கலாமாம். அன்னைக்கே நான் எந்திரிச்சு உள்ள போயிருக்கணும். புத்தி இல்ல எனக்கு.

பதுளையில ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுறதுதான் அவரு தொழிலு. கல்யாணம், கோயில் திருவிழா, ஸ்கூல் விளையாட்டுப் போட்டி, எல்லாத்துக்கும் போவாரு. ஆனா அவருக்குப் பைத்தியம் வேற ஒண்ணு. யாரும் கேள்விப்படாத புதுப் பேண்டுகளைத் தேடிப் பிடிக்கிறது. மட்டக்களப்புல நாலு பையன்க, ஹட்டன்ல ரெண்டு பேரு, எவனோ வீட்டு மூலையில கித்தாரைத் தட்டிக்கிட்டு இருப்பான், அதெல்லாம் இவரு போனுக்கு வந்து சேந்துரும். சோறு ஆறிப்போகும், ஹெட்போன் காதுலேருந்து எறங்காது.

பண்டாரவளையில ஹபீஸ்னு ஒரு தம்பி இருக்காரு. வருஷா வருஷம் டிசம்பர்ல புதுப் பேண்டுகளுக்குன்னே மேடை போடுவாரு. இவரு நல்லாருக்குன்னு சொன்ன பேண்டை அவரு கண்ண மூடிக்கிட்டு மேடையேத்துவாரு. போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் மொனராகலைப் பக்கத்துலேருந்து ஒரு பேண்டுன்னு பாட்டு வந்துச்சு. இவரு கேட்டு உருகிப் போயிட்டாரு. மேடையில பாத்தா நாலு பையன்க நட்ட கம்பம் மாதிரி நிக்கிறானுங்க, பாட்டு மட்டும் ஓடுது. ஒருத்தனுக்குக் கித்தாரைப் பிடிக்கவே தெரியல. அம்புட்டும் கம்ப்யூட்டர்ல செஞ்ச பாட்டு, பாடின தொண்டைன்னு ஒண்ணே கிடையாது. ஜனம் ஊன்னு கத்தி செருப்பைக் கழட்டுச்சு. இவரு ஸ்பீக்கருக்குப் பின்னால உக்காந்துட்டாரு, எந்திரிக்கவே இல்ல. முன்னால பால்மாவை மட்டும் சந்தேகப்பட்ட மனுசன், அதுக்கப்புறம் குருவி கத்தினாலும் "ரெக்கோர்டா இருக்கும்"னாரு.

இந்த வருஷம் நவம்பர்ல வந்துச்சு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பாட்டு. பேண்டு பேரு 'ஏழாம் நம்பர் மலை'. ரஜீவன்னு ஒரு பையன் கித்தாரு, இன்னொருத்தன் பலகைப் பெட்டியில தாளம், கேஷானின்னு ஒரு பிள்ளை பாடுது. சமையல்கட்டுல தேங்காய் துருவிக்கிட்டு இருந்தவ அப்பிடியே நிப்பாட்டிட்டேன். அந்தப் பிள்ளை அழுவல, ஆனா கேக்குறவளுக்கு அழுகை வருது. தொண்டையில லேசா ஒரு கரகரப்பு, தூரத்துலேருந்து ஆளக் கூப்பிடுற மாதிரி. பாட்டோட ரஜீவன் ஒரு செய்தியும் போட்டிருந்தான். "அண்ணே, எங்க லயத்துக் காம்பராவுல பதிஞ்சது. கேஷானி ஜனவரியில கொழும்புக்குக் கடை வேலைக்குப் போறா. போயிட்டா பேண்டு கலைஞ்சுரும். இந்த மேடை ஒண்ணுதான் எங்களுக்கு."

"அய்யோ பாவம், ஹபீஸ் தம்பிக்கு இப்பவே சொல்லுங்க"ன்னேன்.

"சும்மா இரு ராணி"ன்னாரு. "பூனாகலையில ரெண்டு வாரமா மழை அடிச்சு ஊத்துது. லயத்துக் காம்பரா ஒண்ணோட ஒண்ணு ஒட்டின தொழிலாளி வீடு, மேல தகரக் கூரை. பாட்டுல தகரத்துல ஒரு சொட்டு விழுற சத்தம் இருக்கா? நாய் குரைக்குதா? பக்கத்துக் காம்பராவுல புள்ள அழுவுதா? ஒண்ணும் இல்ல. ஆளே பாடல இது. இரக்கப்பட வைக்கிறதுக்குக் கொழும்புக் கதை வேற."

நேர்ல வந்து கேக்கவான்னு ரஜீவனைக் கேட்டாரு. "வேணாம்ண்ணே, மழை, பாதை சரியில்ல"ன்னான். வீடியோ கேட்டாரு. "போன் ஒடைஞ்சுருச்சு"ன்னான். ஒடைஞ்ச போன்லயா பதில் போடுறான்? எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஹபீஸ் தம்பி வேற அவசரப்படுத்துனாரு. ஒரு எடம் மிச்சம் இருக்காம், ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள முடிவு சொல்லணுமாம், இல்லாட்டி வேற பேண்டுக்குக் குடுத்துருவாராம்.

அந்த ஞாயித்துக்கெழம சொல்லாமக் கொள்ளாம ரெண்டு பேரும் பூனாகலைக்குப் போயிட்டோம். தோட்டத்துக் கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வந்த கூட்டத்துல, பாட்டோட அனுப்பின போட்டோவுல பாத்த மூணு மொகத்தையும் இவரு கண்டுபிடிச்சாரு. மூணும் ஒண்ணையொண்ணு பாக்காத மாதிரி மூணு பக்கமாப் பிரிஞ்சு போச்சு. ஒருத்தர் கையிலயும் கித்தாரு இல்ல, பெட்டி இல்ல, குடை மட்டுந்தான்.

"பாத்தியா?"ன்னாரு. "இதான் பேண்டாம்!"

ரஜீவன் பின்னாலயே நடந்தோம். தேயிலைக்குள்ள எறங்குறான், ஏறுறான், நின்னு திரும்பிப் பாக்குறான். நாங்க குடையைத் தாழ்த்திக்கிட்டு கொழுந்தைப் பாக்குற மாதிரி நிக்கிறோம். இந்த வயசுல எனக்கு இது தேவையா? மழை, சேறு, போதாக்குறைக்குக் கால்ல ஏறுற அட்டை. கடைசியில மூடிக் கெடக்குற தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால போனான். அங்க தனியா ஒரு சின்னக் கட்டடம், மேல கொங்கிரீட் தட்டு. மத்த ரெண்டு பேரும் முன்னமே வந்து நிக்கிறாங்க. தோட்டத்து வாச்சர் ஒருத்தரு கதவத் தொறந்தாரு. மூணு பேரும் உள்ள போனாங்க. மனுசன் கதவச் சாத்தி, வெளியிலேருந்து பெரிய பூட்டாப் போட்டுப் பூட்டிட்டாரு!

எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. வயசுப் புள்ளைய உள்ள வச்சுப் பூட்டுனா என்ன அர்த்தம்? இவரு "இரு, பொறு"ங்குறதுக்குள்ள நான் குடையை மடக்கிக்கிட்டு எறங்கிட்டேன்.

"யோவ்! தொறய்யா கதவ! என்னய்யா நடக்குது இங்க?"

வாச்சரு பேரு மாரிசாமி. "சத்தம் போடாதீங்கம்மா, கெஞ்சிக் கேக்குறேன்"னு பூட்டத் தொறந்து, எங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளி, திரும்பவும் பூட்டிட்டாரு.

உள்ள ஒரு பல்பு. சொவரு பூராச் சாக்குத் தொங்குது. நடுவுல சீமெந்து மேசை. அதுமேல ரஜீவன், அங்கயே ஒளிச்சு வச்சிருந்த கித்தாரோட உக்காந்திருக்கான். எங்களப் பாத்ததும் மூணும் வெலவெலத்துப் போச்சு. இவரு கையை ஒரு தடவை தட்டிப் பாத்தாரு. மேல அண்ணாந்து பாத்தாரு. வெளிய மழை கொட்டுது, உள்ள ஒரு சத்தம் இல்ல.

"என்ன எடம்டா இது?"ன்னாரு.

ரஜீவன் தலையைச் சொறிஞ்சான். "பொணக் காம்பராண்ணே. ஆஸ்பத்திரி இருந்தப்போ செத்தவங்கள வைக்கிற எடம்."

மாதாவே! நான் சாஞ்சிருந்த சொவத்த விட்டு எட்டி நின்னேன். அந்த மேசையிலயா உக்காந்திருக்கான் பாவி!

வேற எடம் இல்லைன்னான். லயத்துல தகரத்துச் சத்தம், எரைச்சல், வாய் தொறந்தா நாலு வீடு திட்டுது. தோட்டத்துல கொங்கிரீட் போட்டது இது ஒண்ணுதானாம். மாரிசாமி அண்ணன்தான் தொறந்து விட்டு, உள்ள ஆள் இருக்குறது தெரியாம வெளிய பூட்டிருவாராம். தோட்டத்து மேனேஜர் தொரைக்குத் தெரிஞ்சா அவரு வேலை போயிரும். அதான் லயத்துல பதிஞ்சோம்னும், போன் ஒடைஞ்சுதுன்னும் பொய் சொன்னாங்களாம். "மேல ஒரு காத்துப்போக்கி ஓட்டை இருக்குண்ணே. லேசா சத்தம் வெளிய போவுது. கீழ் லயத்துல பேய் பாடுதுன்னு பேச்சு. எங்களுக்கும் நல்லதாப் போச்சு, ஒருத்தரும் கிட்ட வர்றதில்ல"ன்னு சிரிச்சான்.

"சரி, பாடுங்க"ன்னாரு இவரு.

பாடினாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போன்ல கேட்டதெல்லாம் பாதிதான். முடிஞ்சதும் இவரு மூக்கை உறிஞ்சினாரு. "இன்னொண்ணு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதையும் பாடினாங்க. கேஷானி எங்களையே பாத்துக்கிட்டு நின்னா. "கெடைக்குமா அங்கிள்? ஒரே ஒரு தடவை மேடையில பாடிட்டா, கொழும்புக்கு நான் அழாமப் போயிருவேன்"னா.

இவரு போனை எடுத்தாரு, கொங்கிரீட்டுக்குள்ள சிக்னல் இல்ல. தட்டினதும் மாரிசாமி கதவக் கொஞ்சம் தொறந்து விட்டாரு, இவரு நெலப்படியில நின்னு ஹபீஸுக்கு எடுத்தாரு. ஸ்பீக்கர்ல போட்டதால எங்களுக்கும் கேட்டுச்சு.

"என் கண்ணால பாத்துட்டேன் தம்பி. அசல் புள்ளைங்க."

"கோவிக்காதீங்கண்ணே. போன வருஷமும் நீங்கதான் சொன்னீங்க."

"வீடியோ அனுப்புறேன்."

"வீடியோவும்தான் இப்பச் செய்றானுங்க. ஒண்ணு செய்ங்க. நான் லைன்லயே இருக்கேன். இப்பவே பாடச் சொல்லுங்க. நடுவுல என் பேரைச் சேத்துப் பாடணும். அத முன்னாடியே செஞ்சு வச்சிருக்க முடியாதுல்ல?"

இவரு மத்தவங்களுக்குக் குடுக்குற மருந்தை இவருக்கே குடுத்த மாதிரி இருந்துச்சு. ஆனா நெலப்படியத் தாண்டி உள்ள வந்தா லைன் அறுந்துரும். ஹபீஸுக்குக் கேக்கணும்னா கதவ அகலத் தொறந்து வச்சுத்தான் பாடணும். தொறந்து வச்சா கீழ் லயம் பூராக் கேக்கும். பேயும் போச்சு, எடமும் போச்சு, மாரிசாமி வேலையும் போச்சு.

"தொறக்காதீங்க. என் வேலைய நான் பாத்துக்குறேன். அதுக்குச் சொல்லல"ன்னாரு மாரிசாமி. "பின்பக்கம் ஒரு பொம்பள உக்காந்திருக்கு. அதுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"யாரு? ஆள் வருதான்னு பாக்க நீங்க வச்ச காவலா?"ன்னு இவரு சட்டுன்னு கேட்டாரு. மாரிசாமி பின்பக்கமா எட்டிப் பாத்தாரு.

போன்ல ஹபீஸ் "அண்ணே, இருக்கீங்களா?"ங்குறாரு. கேஷானி மாரிசாமியைப் பாத்தா, இவரைப் பாத்தா. வந்து ரெண்டு கையாலயும் கதவத் தள்ளித் தொறந்தா. பாடினா.

அந்த மழையிலயும் அவ குரலு மலை பூராப் போச்சு. நடுவுல "ஹபீஸ் அண்ணே, கேக்குதா ஹபீஸ் அண்ணே"ன்னு ராகத்தோட சேத்துவிட்டா பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கீழேருந்து ஜனம் ஏறி வருது. சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ஆம்பள, பொம்பள, புள்ளைங்க. "அட, நம்ம கேஷானிடா!"ன்னு ஒருத்தன் கத்துறான். பேய்னு பயந்தவன்லாம் வெக்கத்துல சிரிக்கிறான்.

அப்பத்தான் கட்டடத்துப் பின்பக்கத்துலேருந்து அந்தப் பொம்பள வந்துச்சு. அம்பது வயசு இருக்கும். கருப்பம்மான்னு கூப்பிட்டாங்க. பொடவை பூரா நனைஞ்சிருக்கு. யாரையும் பாக்கல. நேரா உள்ள போச்சு. மேசையப் பாத்துச்சு, மூலைய மூலையாப் பாத்துச்சு, சாக்கைத் தூக்கிப் பாத்துச்சு.

"அவ எங்க?"ன்னு கேட்டுச்சு.

"யாரு பெரியம்மா?"ன்னான் ரஜீவன்.

"என் மவ. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பாடுவாளே."

சிரிச்சுக்கிட்டு இருந்த ஜனம் கப்புன்னு அடங்கிருச்சு. மாரிசாமிதான் மெதுவா எங்ககிட்டச் சொன்னாரு. ஆஸ்பத்திரி மூடுறதுக்கு முந்தி இந்த மேசையில கடைசியா வச்சது கருப்பம்மாவோட மூத்த பொண்ணைத்தானாம். காய்ச்சல்ல போச்சாம், இருவது வயசுல. காத்துப்போக்கி ஓட்டைக்குக் கீழ உக்காந்து, அந்தப் பொண்ணுதான் பாடுதுன்னு கேட்டுட்டு கருப்பம்மா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போகுமாம். பாடுறது கேஷானின்னு வாயெடுத்துச் சொல்ல அவருக்கு மனசு வரலையாம்.

போன் இன்னும் இவரு கையிலதான் இருந்துச்சு. "ஓகேண்ணே! சூப்பர்! சனிக்கெழம மேடைக்கு வரச் சொல்லுங்க!"ன்னு ஹபீஸ் கத்துறாரு. இவரு போனை அமத்திட்டாரு.

கேஷானி மண்டி போட்டுட்டா. "நான்தான் பெரியம்மா பாடினேன். தெரியாமப் போச்சு பெரியம்மா." கெடைச்ச மேடைய நெனச்சு ஒரு நிமிஷங்கூட அந்தப் புள்ள சிரிக்கல.

கருப்பம்மா அவ தலையில கைய வச்சுச்சு. ஆனா நம்பல. அதோட கண்ணு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அலைஞ்சு, கழுத்துல ஹெட்போன் தொங்க நின்ன எங்க வீட்டுக்காரருகிட்ட வந்து நின்னுச்சு.

"ஐயா, நீங்க பாட்டு வெவரம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்க சொல்லுங்க. இவ கொரலு மட்டுந்தானா? வேற யாரும் கூடப் பாடலையா?"

இந்த மனுசன் பச்சப்புள்ளை பாடினாலும் சுதி தப்புன்னு மொகத்துக்கு நேராச் சொல்றவரு. பாதிரியார் பாடினதுக்கே சொன்னவரு. கூடப் பாட அங்க இன்னொரு பொம்பளப் புள்ள கிடையாது, நானும் பக்கத்துலதானே நின்னேன், கேட்டது ஒரே கொரலுதான். கடவுளே, இப்பப் போயி வாயைத் தொறந்துறாதீங்கன்னு அவரு சட்டையப் பின்னாலேருந்து பிடிச்சு இழுத்தேன்.

இவரு ஹெட்போனைக் கழுத்துலேருந்து எடுத்தாரு. தொண்டையச் செருமினாரு.

"ரெண்டு கொரலு கேட்டுச்சும்மா"ன்னாரு.

கருப்பம்மா தலைய ஆட்டுச்சு.

"அதானே. எனக்கும் ரெண்டுதான் கேட்டுச்சு"ன்னு சொல்லிட்டு, மழையில எறங்கி நடந்துச்சு.