எல்லோரும் ஒருசேரச் சேமித்தபோது

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்திற்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். அரியலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவேன். சிமெண்டுத் தூள் படிந்த சன்னலோரத்தில் உறங்காமலும் விழிக்காமலும் அமர்ந்திருப்பேன். மாணவர்கள் எழுதும் நிரல்கள் அவரவர் கணினியில் தங்குவதில்லை. மூலையறையிலிருந்த பெரிய கணினி ஒன்றே அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டது. அதனைச் சர்வர் என்போம். முந்தைய பருவத்துச் செய்முறைத் தேர்வின் நடுவே அது அசைவற்றுப் போயிற்று.

அடுத்த தேர்வு நெருங்கியபோது துறைத்தலைவர் என்னை அழைத்தார்.

"இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஜூன்லேர்ந்து வேற ஆளத்தான் பாப்பாங்க."

"சரிங்க சார்" என்றேன். அச்சம் எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்திற்குத் திரும்பினேன்.

சர்வரைச் சோதிப்பதற்கென்று கட்டளைகள் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டச்சிட்டால், பெரிய கோப்பு ஒன்றை எழுதி, மீண்டும் படித்து, அதன் வேகத்தை எண்ணாகக் காட்டும். முதலில் வந்த எண்கள் நம்ப முடியாத அளவு பெரியவை. கோப்பு முழுவதும் சர்வரின் நினைவகத்திலேயே அடங்கிவிட்டதால், நிலையாகப் பதிந்து வைக்கும் வட்டுக்கு வேலையே நேரவில்லை. நினைவகத்தைப் போல் இருமடங்கு பெரிய கோப்பைக் கொடுத்தேன். எண்கள் தம் உண்மை நிலைக்கு இறங்கின. பலர் ஒரே காலத்தில் வேலை செய்வதைப் போல நடிக்கும் மற்றொரு கட்டளையையும் ஓட்டினேன். சர்வர் தாங்கிற்று.

அன்று நண்பகல் மின்சாரம் போயிற்று. விசிறிகள் தளர்ந்தன, யூபிஎஸ் கூவத் தொடங்கியது. அதன் மின்கலங்கள் கிழடு தட்டியவை. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் மாணவரிடம் ஒரு பழக்கம் ஊறியிருந்தது. விசிறி தளர்ந்த நொடியே, வரியை முடிக்காமல்கூட, அத்தனை பேரும் கோப்பைச் சேமிப்பார்கள். அன்றும் அதையே செய்தார்கள்; அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. என் கட்டளை உருவாக்கிய பொய் மாணவர்கள் நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர்களைப் போல ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். எங்கள் மாணவர்களோ பேருந்து நின்றதும் முண்டியடிக்கும் கூட்டம்.

மறுநாள் வகுப்பு முழுவதையும் கணினிகளின் முன் அமர்த்தினேன். கோப்பெழுதும் கட்டளையை ஒவ்வொரு திரையிலும் தயாராக வைத்துவிட்டு, விசிறி நின்றதும் ஓட்டுமாறு சொல்லி, விசிறிகளின் சுவிட்சருகே சென்று நின்றேன்.

"மேடம், ஈபிக்காரன் வேலைய நீங்க எடுத்துக்கிட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"எங்க குன்னத்துக்கு வாங்க மேடம். சுவிட்சே தேவையில்ல, தானா போயிடும்" என்றாள் முன்வரிசைப் பெண்.

"ஒங்க ஊருக்குக் கரண்ட்டு எப்பப் புள்ள வந்துச்சு, போறதுக்கு?" என்றான் அவன்.

சிரிப்பு அடங்குமுன் சுவிட்சுகளை அணைத்தேன். விரல்கள் தாமாக விழுந்தன. எல்லாத் திரைகளும் உறைந்தன.

ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சர்வர் மறுமொழி தரலாம் என்னும் அளவை உயர்த்தினேன். உறைவு குறைந்தது, ஒழியவில்லை. அதனை ஒழிக்கும் வழி ஒன்று எஞ்சியிருந்தது. வட்டில் எழுதி முடிக்குமுன்னரே எழுதிவிட்டதாகச் சர்வரைச் சொல்ல வைக்கலாம். சோதித்துப் பார்த்தேன், தேக்கம் அறவே இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் சர்வரே அணைந்தால், சேமித்ததாக மாணவன் நம்பிய கோப்பு எங்கும் இராது. அதற்கிருந்த யூபிஎஸ்ஸும் கிழடுதான்.

துறைத்தலைவரிடம் இதனை விளக்கினேன்.

"நிக்காம ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"ஓடும் சார். ஆனா கரண்ட்டு போனா பசங்க எழுதுனது போயிடும்."

"போனா பாத்துக்கலாம்மா."

மூலையறைக்கு வந்து அந்த அமைப்பைப் பழையபடியே, வட்டில் எழுதி முடித்தபின்னரே சொல்லுமாறு, மாற்றி வைத்தேன். துணிவென்று அதனைச் சொல்ல மாட்டேன். என் வேலை போகக்கூடும் என்பது தெரிந்தே இருந்தது. கை அதைச் செய்தது; நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வன்று பாதி நேரம் கடந்தபின் மின்சாரம் போயிற்று. அனைவரும் சேமித்தார்கள். மாணவர் கணினிகளின் யூபிஎஸ் தாங்கிற்று. சர்வரின் யூபிஎஸ் ஒருமுறை முனகிவிட்டு அணைந்தது. சர்வரும் அணைந்தது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியும், அது மீண்டும் எழுந்து தன் வட்டைச் சரிபார்த்து முடிக்க நெடுநேரம் பிடித்தது. சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற செய்தி வரிசை வரிசையாகத் திரைகளில் நின்றது. மாணவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். துறைத்தலைவர் வாயிலில் நின்று என்னைப் பார்த்தார்.

பிறகு விசைப்பலகைகள் இயங்கின. ஒவ்வொருவரும் எழுதியது கடைசியாகச் சேமித்த வரிவரை அப்படியே இருந்தது. எழுதியது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வரிசைகளின் ஊடே நடந்தேன். "இருக்குங்க மேடம்", "இருக்குங்க" என்றார்கள். தேர்வாளர் கூடுதல் நேரம் கொடுத்தார்.

மாலையில் துறைத்தலைவர் மூலையறைக்கு வந்தார்.

"நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு சார். ஆனா யாருக்கும் ஒண்ணும் போகல."

"போகலங்கறது யாருக்கும்மா தெரியுது? நின்னதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுது."

அவர் சொன்னது சரிதான். அந்த இன்னொரு வழியில் வைத்திருந்தாலும் சர்வர் அணைந்துதான் இருக்கும், சேமித்தவையும் போயிருக்கும்; ஆனால் நேராத இழப்பை யாரிடம் எப்படிக் காட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்த இன்னொரு வழி சொன்னீங்கல்ல, அதப் போட்டுக் காட்டுங்க."

"ஏற்கெனவே சொன்னேன் சார், கரண்ட்டு போனா…"

"போடுங்கம்மா."

அமைப்பை மாற்றிச் சோதனைக் கட்டளையை ஓட்டினேன். எண்கள் பன்மடங்கு உயர்ந்து திரையில் இறங்கின. அவர் குனிந்து அவற்றைப் படித்தார், முகம் மலர்ந்தது.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா நீங்க இங்கயே இருந்திருக்கலாம்ல?"

"ஆமாங்க சார்" என்றேன். கடவுச்சொல் கேட்டார், சொன்னேன். எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன். அவர் அமர்ந்து, அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரியலூர்ப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது.